காலில் விழ வேண்டாம்

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் திருட்டிலோ அடிதடியிலோ பிடிபட்டால், விடயம் பொலிஸுக்குப் போவதற்கு முன் பெரும்பாலும் ஒரு பஞ்சாயத்து நடக்கும். கோயில் கமிட்டியினரும் தோட்டத் தலைவரும் கூடுவார்கள். தாய்மாமனோ சித்தப்பனோ எல்லோர் முன்னிலையிலும் பையனுக்கு இரண்டு அறை கொடுப்பார். கோயிலுக்குத் தண்டம் விதிக்கப்படும். கடைசியில் கூட்டத்தில் யாராவது ஒருவர் "கால்ல விழுடா" என்பார். பையன் விழுவான். பொருளைப் பறிகொடுத்தவர் குனிந்து அவன் தோளைத் தொட்டு எழுப்பியாக வேண்டும், ஏனென்றால் காலில் கிடக்கும் பிள்ளையை எழுப்பாமல் நிற்பவரைக் கல்நெஞ்சுக்காரர் என்று லயமே, அந்த வரிசை வீடுகளில் வாழும் அத்தனை பேருமே, பேசும். அத்துடன் பிரச்சினை தீர்ந்ததென்று கூட்டம் கலைந்துவிடும்.

ஹட்டன், டிக்கோயா பக்கத்துத் தோட்டங்களில், இளம் பிள்ளைகள் செய்த குற்றங்களில் சம்பந்தப்பட்ட இரு தரப்பினரையும் ஓர் அறையில் உட்காரவைத்துப் பேசச் செய்யும் வேலையில் நான் ஈடுபட்டு வருகிறேன். மத்தியஸ்தர் என்ற முறையில் சில விடயங்கள் என்னிடம் வரும். நன்னடத்தை உத்தியோகத்தர்கள் கேட்டுக்கொள்வதால் வேறு சில வரும். எந்த வழியாக வந்தாலும், பையனிடமும் அவன் வீட்டாரிடமும் நான் முதலிலேயே சொல்லிவிடுவது காலில் விழக்கூடாது என்பதைத்தான். இதைக் கேட்டு முகம் சுளிக்காத பெரியவர்கள் குறைவு. மரியாதை தெரியாத பிள்ளையாக வளர்க்கச் சொல்கிறீர்களா என்று ஒரு பாட்டனார் என்னிடம் நேரடியாகவே கேட்டார். விழுகிறவனின் முகம் தரையைப் பார்க்கிறது, தான் எதற்காக விழுகிறோம் என்பதை அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியதில்லை என்று அவருக்கு விளக்கினேன். எதிரே நிற்பவருக்கோ, கேட்க நினைத்த கேள்விகளெல்லாம் தொண்டையிலேயே நின்றுவிடுகின்றன. பொருளோடு சேர்த்து, கோபப்படுவதற்கான அவருடைய உரிமையும் அந்த இடத்திலேயே பறிபோகிறது.

இரு தரப்பினரையும் நேரில் பேசவைக்கும் இந்த முறையின் நவீனத் தொடக்கமாகப் பலரும் காட்டுவது, 1974 இல் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் எல்மைரா என்ற சிற்றூரில் நடந்ததை. குடிபோதையில் இரண்டு இளைஞர்கள் ஒரே இரவில் 22 இடங்களில் சொத்துக்களைச் சேதப்படுத்தினார்கள். மார்க் யான்ட்சி என்ற நன்னடத்தை அதிகாரி, இவர்கள் பாதிக்கப்பட்டவர்களை நேரில் சந்தித்தால் என்ன என்று நீதிபதியிடம் யோசனை சொல்ல, இருவரும் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டிப் பேசினார்கள். இழப்பீட்டையும் பின்னர் கட்டினார்கள். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது, நம் லயத்தில் இப்படி வீடு வீடாகப் போனால் மூன்றாவது காம்பராவை, அதாவது மூன்றாவது வீட்டை, அடைவதற்குள் பின்னால் முப்பது பேர் சேர்ந்துவிடுவார்கள் என்பதுதான். ஒரு சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு குடும்பங்கள் வாழும் இடத்தில், கதவைத் தட்டிப் பேசுவதென்பது ஊர் கேட்கப் பேசுவதே.

எனக்கு அதிகம் பயன்பட்டது நியூசிலாந்தின் வழி. அங்கே 1989 இல் வந்த சட்டம், இளம் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட குற்றங்களில் குடும்பக் கூட்டத்தை நீதி முறையின் மையத்துக்குக் கொண்டுவந்தது. தங்கள் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்தும் இனத்திலிருந்தும் பிரித்து நிறுவனங்களில் அடைக்கிறார்கள் என்று மாவோரி மக்கள் எழுப்பிய குரலுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அந்தக் கூட்டத்தில் ஒரு கட்டம் வரும்: அதிகாரிகள் எல்லோரும் அறையை விட்டு வெளியேறிவிடுவார்கள், குடும்பத்தினர் மட்டும் தனியாக இருந்து என்ன செய்யலாம் என்று பேசி ஒரு யோசனையோடு வெளியே வருவார்கள். நானும் அந்தக் கட்டத்தில் தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு வெளியே போய்விடுகிறேன். யார் குடும்பம் என்பதில்தான் நமக்குச் சிக்கல். தாய் மத்திய கிழக்கில் இருப்பார், தகப்பன் கொழும்பில் இருப்பார், பிள்ளை அம்மாயி வீட்டில் வளரும். பிள்ளை யாருடைய சொல்லுக்குக் கட்டுப்படுமோ அவர் தாய்மாமனாகவோ, முன்னர் படிப்பித்த ஓர் ஆசிரியராகவோ இருப்பார். அவரைத் தேடிப் பிடிப்பதிலேயே வேலையில் பாதி போய்விடும்.

நியூசிலாந்தைப் போன்ற சட்டக் கட்டாயம் இங்கே இல்லை. இருப்பதைக் கொண்டுதான் நடத்துகிறோம். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின்படி சிறு காயம் விளைவித்தல், சொத்துச் சேதம், அத்துமீறி நுழைதல், மிரட்டல் போன்றவை மத்தியஸ்த சபைக்கு வரலாம். சபையின் முன் சொல்லப்படுவது நீதிமன்றத்தில் சாட்சியமாகாது என்ற பாதுகாப்பும் அதில் உண்டு. வழக்கு நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்விட்டால், 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்க சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும். 14 வயது நிறைந்து 16 வயது நிறையாதவரை அது தொடக்கத்தில் இளம் ஆள் என்றது. (குற்றப் பொறுப்புக்கான வயது நீண்ட காலம் எட்டாகவே இருந்து, 2018 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம்தான் பன்னிரண்டாக உயர்ந்தது என்பதை இங்கே பல பெற்றோர் அறிந்திருக்கவில்லை.) நீதவான் தீர்மானிக்கும் முன் பிள்ளையின் வீட்டுச் சூழலைப் பற்றி நன்னடத்தை உத்தியோகத்தரிடம் அறிக்கை கேட்பார். அறிக்கைக்கும் தீர்மானத்துக்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில்தான், நீதவானுக்குத் தெரிவித்துவிட்டு, எங்கள் வேலையைச் செய்ய முடிகிறது.

வேலை என்றால் சந்திப்பு நடக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்தைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதற்கு முன் இரு தரப்பினர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போய் உட்கார்ந்து கேட்பதிலேயே பெரும்பகுதி கழிகிறது. ஒரு விடயத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, ஐம்பதை நெருங்கும் வயது. மழை நாளென்பதால் போனைக் கொழுந்தெடுக்கும் மலைக்குக் கொண்டுபோகாமல் காம்பராவில் சார்ஜில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அடுத்த லயத்துப் பையன் பின்கதவின் கொண்டியை நெம்பி உள்ளே போய் அதை எடுத்து, நகரத்துக் கடையொன்றில் நாலாயிரத்துக்கு விற்றுவிட்டான். முறைப்பாட்டில் எழுதப்பட்டிருந்தது, 18,000 ரூபாய் பெறுமதியான கைத்தொலைபேசி ஒன்று என்று. முதல் முறை நான் போனபோது அந்த அம்மா வாசற்படியிலேயே நின்று, "காசைக் குடுத்துட்டா போதும் சேர், அவன் மொகத்த நான் பாக்க வேணாம்" என்று முடித்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. வராமல் இருப்பது அவருடைய உரிமை. அவரைச் சம்மதிக்க வைப்பதை என் திறமையாக நினைக்கத் தொடங்கினால், நானும் அந்தப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் ஒருவனாகிவிடுவேன். வழக்குக்காக அலையும் ஒவ்வொரு நாளும் அவருக்கு ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போகிறது என்பதும் எனக்குத் தெரியும். பொலிஸுக்கு ஒரு நாள், நீதிமன்றத்துக்கு ஒரு நாள், தவணை தள்ளிப் போனால் இன்னொரு நாள். என் சந்திப்புக்காகவும் ஒரு பேரை இழக்கச் சொல்வது நியாயமில்லை என்பதால்தான் எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமைகளில் வைக்கிறோம்.

சில நாட்களுக்குப் பின் அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இந்த முறை உள்ளே உட்காரவைத்து, போனில் இருந்ததைச் சொன்னார். மகள் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். அவள் குழந்தை இவரிடம் வளர்கிறது. தாய் வட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டுக்கொண்டுதான் குழந்தை இரவில் உறங்கும். அவை அத்தனையும் போய்விட்டன. அப்புறம் அவருக்கு ஒரு கேள்வி இருந்தது: இருபது காம்பரா இருக்கும் லயத்தில் என் காம்பராவை ஏன் பார்த்தான்? யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? அந்தக் கேள்வி அவரைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்களையெல்லாம் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியிருந்தார். திருட்டுப் போன வீடுகளில் நான் மிக அதிகமாகக் கேட்பது இதைத்தான், இதற்கான பதிலை நீதிமன்றம் தேடித் தருவதில்லை. தேட வேண்டிய தேவையும் நீதிமன்றத்துக்கு இல்லை.

பையனிடம் பேசியபோது அவன், "நான் ஒரு போன்தானே சேர் எடுத்தேன்" என்றான். குரல் பதிவுகளைப் பற்றி அவனிடம் நான் வாய் திறக்கவில்லை. அது அந்த அம்மா சொல்ல வேண்டியது. நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அவன் அதற்கேற்ற வருத்த முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருப்பான்; பதினைந்து வயதில் எல்லோராலும் அது முடியும். என்ன நடந்தது, அந்த நேரத்தில் மனதில் என்ன இருந்தது, யார் யாருக்கு என்ன ஆயிற்று என்று நினைக்கிறாய் என்பவற்றை மட்டும் அவனிடம் கேட்டு, பதில்களை அவன் சொற்களிலேயே திருப்பித் திருப்பிச் சொல்லவைத்தேன்.

சந்திப்பைக் கோயில் மண்டபத்திலோ தோட்ட அலுவலகத்திலோ வைப்பதில்லை. கோயிலில் வைத்தால் மன்னித்தே தீர வேண்டிய இடமாகிவிடும். அலுவலகத்தில் வைத்தால் தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் இடமாகிவிடும். பாடசாலையில் ஒரு வகுப்பறையைக் கேட்டு வாங்கினோம். மேசைகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுக் கதிரைகளை மட்டும் வட்டமாகப் போட்டோம். அந்த அம்மா முதலில் வந்து, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தெரிந்தெடுத்தார். வாசலுக்குப் பக்கத்துக் கதிரை. நினைத்த நேரத்தில் எழுந்து போகலாம் என்பதைச் சொல்லியிருந்தேன். பிறகுதான் பையன், அவன் தாய், தாய்மாமன் மூவரும் வந்தார்கள்.

"இத்தன காம்பரா இருக்கே, என் காம்பராவ ஏன்டா பாத்தே?" என்று அவர் கேட்டதும் பையன் தலையைக் குனிந்துகொண்டான். மாமன் இடையில் புகுந்து, "சின்னப் பய அக்கா, புத்தி கெட்டுப் போயி..." என்று தொடங்கினார். நான் கையைக் காட்டி அவரை நிறுத்தினேன். இந்த வேலையில் பேசவைப்பதைவிடக் கடினமானது, பேச்சில்லாத நேரத்தை மற்றவர்கள் நிரப்பிவிடாமல் காப்பது. வெகுநேரம் கழித்துப் பையன் சொன்னான்: "அம்மாவும் நீங்களும் ஒரே மலைக்குத்தான் பெரியம்மா போவீங்க. அம்மா வர்றதுக்கு முந்தி நீங்களும் வரமாட்டீங்கன்னு தெரியும்."

அவனுடைய தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அம்மா சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அப்ப எங்கூட நெரையில நிக்கிற ஒங்கம்மாவ வச்சித்தான் எனக்கு நேரம் பாத்தியா?" என்றார். "நீ வித்த போன்லதான்டா எம் பேத்தி அவங்கம்மா சத்தத்தக் கேட்டுத் தூங்குவா. இப்ப ராவெல்லாம் அழுவுறா." பையனுக்கு இது புதிது. கடைக்குப் போய்க் கேட்டால் அந்தக் குரல் பதிவுகள் திரும்பக் கிடைக்குமா என்று என்னைப் பார்த்துக் கேட்டான். கிடைக்காது என்று எனக்கு அநேகமாகத் தெரிந்திருந்தும், நீயே போய்க் கேள் என்றேன். மாமனோடு போய்க் கேட்டான். கடையில் எல்லாவற்றையும் அழித்துத்தான் விற்றிருக்கிறார்கள்.

மன்னிப்புக் கேட்டான். நின்றபடி, அவர் முகத்தைப் பார்த்து, எதற்கென்று சொல்லிக் கேட்டான். அந்த அம்மா அதை ஏற்றுக்கொண்டதாகச் சொல்லவில்லை. "மன்னிச்சிட்டேன்னு எழுதாதீங்க சேர். காசக் குடுக்கட்டும். மலைக்குப் போற பாதையில என்னைக் கண்டா ஒளியாமப் போகட்டும். அவ்வளவுதான்." உடன்பாட்டில் அப்படியேதான் எழுதினோம். அக்கம்பக்கத்தாரைச் சந்தேகிக்க வேண்டியதில்லை என்பதுதான் அன்று அவருக்குக் கிடைத்த முக்கியமான இலாபம் என்று நான் கருதுகிறேன். அது எந்தப் பத்திரத்திலும் ஏறாது.

பணத்தில்தான் எப்போதும் சிக்கல். 18,000 ரூபாயைப் பதினைந்து வயதுப் பிள்ளை எங்கிருந்து கொடுக்கும்? வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 2021 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது; இழப்பீடு கட்டுவதற்காகப் பிள்ளையைக் கடைக்கு வேலைக்கு அனுப்பச் சொல்லி உடன்பாடு எழுத முடியாது, எழுதவும் கூடாது. அப்படியானால் தாய் கட்டுவார். 2024 இல் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. குறித்த கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான். தாயின் நாட்சம்பளங்களிலிருந்து அந்தத் தொகையைப் பிரித்தெடுத்தால், திருடியது பிள்ளை, தண்டனை தாய்க்கு என்றாகிவிடும். தாய்மாமன், பையன் அந்த அம்மாவுக்கு விறகு பொறுக்கிப் போடட்டும் என்று யோசனை சொன்னார். அதை நான் ஏற்கவில்லை; அந்த அம்மாவும் ஏற்கவில்லை. ஒரு பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு எடுபிடியாக்குவது திருத்தமாகாது, தவிரவும் தன் காம்பராவுக்குள் புகுந்தவன் தினமும் வாசலில் வந்து நிற்பதை அவர் எதற்குத் தாங்க வேண்டும்?

குடும்பம் தனியாகப் பேசிவிட்டு வந்து சொன்ன வழி எனக்குத் தோன்றியிராதது. லயத்துக்குப் பின்னால் பாட்டனாருக்கு ஒரு மரக்கறித் தோட்டம் இருந்தது. அதில் இரண்டு பாத்திகளைப் பையனுக்கென்று ஒதுக்கி, லீக்ஸும் கரட்டும் அவனே போட்டு, பாடசாலை இல்லாத நேரங்களில் பார்த்து, விற்ற பணத்திலிருந்து மாதம் 1,500 கொடுப்பதென்று முடிவு. விளைச்சல் வரும்வரை முதல் மூன்று மாதங்களுக்குப் பாட்டனார் கடனாகக் கொடுப்பார், பையன் அவருக்குத் திருப்ப வேண்டும்.

ஜோன் பிரெயித்வெயிட் என்ற அவுஸ்திரேலியக் குற்றவியலாளர், 1989 இல் வெளிவந்த தம் நூலில், வெட்கப்படவைப்பதில் இரண்டு வகை இருப்பதாக வாதிட்டார்: செய்ததைக் கண்டித்துச் செய்தவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்வது ஒன்று, செய்தவன் மீதே நிரந்தரமாக முத்திரை குத்தி விலக்குவது மற்றொன்று. லயத்தில் இரண்டாவது மிக எளிதாக நடக்கிறது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக இருக்கும் இடத்தில் 'போன் கள்ளன்' என்ற பட்டப்பெயர் ஒரு நாளில் ஒட்டிவிடும், இருபது வருடமானாலும் போகாது. அவன் கல்யாணத்துக்குப் பெண் கேட்கும்போதுகூட அது முன்னே வந்து நிற்கும். பஞ்சாயத்தில் எல்லோர் முன்னிலையிலும் அடிப்பதை நான் எதிர்ப்பதற்கு அதுவும் ஒரு காரணம். பஞ்சாயத்தையே ஒழிக்க வேண்டும் என்று சொல்லும் படித்த நண்பர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தோட்டத்துக்கு வெளியே எந்தக் கதவும் எளிதில் திறக்காத காலத்தில் அது இருந்தது; இன்றும் இரவு பத்து மணிக்கு ஒரு சண்டையை விலக்க அதுதான் வருகிறது. ஆனால் அதன் முதல் அக்கறை தோட்டத்தின் அமைதி. பாதிக்கப்பட்டவரின் கேள்வி அந்த அமைதிக்குத் தொந்தரவாகவே படும்.

அந்த அவசர அமைதி மிகக் கொடூரமாகத் தெரிவது பெண் பிள்ளைகள் விடயத்தில். பாலியல் துன்புறுத்தலைப் "பேசித் தீர்த்துவிடலாம்" என்று என்னிடமே தூது வந்திருக்கிறது. கல்யாணம் பேசி முடித்துவிடலாம் என்றும் வந்திருக்கிறது. இதில் பேசுவதற்கு ஒன்றுமில்லை. அது மத்தியஸ்தத்துக்கு உரியதல்ல. பொலிஸுக்குப் போக வேண்டியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்தை அந்தப் பிள்ளையின் வீட்டாருக்குச் சொல்லிவிட்டுத்தான் நான் அந்த இடத்தை விட்டு நகர்வேன். குற்றத்தை ஒப்புக்கொள்ளாத பிள்ளையையும் சந்திப்புக்கு அழைப்பதில்லை, அது விசாரணையாகிவிடும். நீதிமன்றத்தில் நல்ல பெயர் கிடைக்கும் என்பதற்காக மட்டும் ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. முழுவதும் கண்டுபிடித்துவிட முடியும் என்று சொல்லமாட்டேன்.

நகரத்துக் கடைக்காரர் சிங்களவராகவும் பையன்கள் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளாகவும் இருக்கும் சந்திப்புகளில் வேறொரு கவனம் வேண்டியிருக்கிறது. பிள்ளைகளுக்கு ஓரளவு சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று கேட்பார்கள். சாமான் வாங்கப் போதுமான சிங்களத்தில் ஒரு பிள்ளையால் தன் வெட்கத்தைச் சொல்ல முடியாது. கடைக்காரருக்கும் தன் பயத்தை அவருடைய மொழியிலேயே சொல்லும் வசதி இருக்க வேண்டும். கடைக் கண்ணாடியை உடைத்தது இனக் கோபமா, வெறும் விளையாட்டா என்ற ஐயம் அவருக்கு இருக்கும், அதை அவர் கேட்டே ஆக வேண்டும். மொழிபெயர்ப்பவர் வார்த்தைகளை மென்மையாக்கிவிடாதபடி முன்பே பேசிவைப்பேன்.

போன் எடுத்த பையன் ஒன்பது மாதம் ஒழுங்காகக் கொடுத்தான். பதினாறு வயது நிறைந்து, சாதாரண தரப் பரீட்சையும் எழுதி முடித்ததும், நம் பிள்ளைகளில் பலர் செய்வதுபோல் கொழும்பில் ஒரு துணிக்கடைக்குப் போய்விட்டான். அடுத்த தவணையைத் தாய் கொண்டுபோய் நீட்டியபோது அந்த அம்மா, "இது யாரோட காசு?" என்று கேட்டு, திருப்பி அனுப்பிவிட்டார். எத்தனை மாதம் பிந்தினாலும் பரவாயில்லை, அவன் உழைத்த காசாக வரட்டும் என்று எனக்கும் சொல்லியனுப்பினார். மீதி மூன்று தவணைகளையும் தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது பையனே கொண்டுபோய்க் கொடுத்தான். அதன் பிறகு எழுதும் உடன்பாடுகளில், பணம் யாருடைய உழைப்பாக இருக்க வேண்டும், பிள்ளை ஊரை விட்டுப் போனால் எப்படிச் சேர்ப்பது என்ற இரண்டையும் தனி வாசகங்களாகச் சேர்த்துவிடுகிறோம். இரு தரப்பினருக்கும் தமிழில் ஒவ்வொரு பிரதி, நன்னடத்தை அறிக்கையோடு நீதவானுக்குச் சிங்களத்தில் ஒரு பிரதி.